பேட்டன் ரூஜில் ஒரு வாரக்கடைசி: ஸ்கிப் பெர்ட்மன் சேர்த்த கூட்டம்

வியாழன் இரவு

ஹூஸ்டனில் இருந்து இன்டர்ஸ்டேட் 10-ஐப் பிடித்துக் கிழக்கே ஓட்டினால் லேக் சார்ல்ஸ் எண்ணெய் ஆலைகளைத் தாண்டியதும் வயல் தொடங்குகிறது. நெல் வயல்தான். கிரௌலி என்ற ஊர் தன்னை அமெரிக்காவின் அரிசித் தலைநகரம் என்றே சொல்லிக்கொள்கிறது. நெல் அறுத்த வயலில் தண்ணீரைக் கட்டி அதிலேயே கிராஃபிஷ் என்ற நன்னீர் இறால் வகையை வளர்க்கிறார்கள். நீருக்கு மேலே தலை நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிப் பொறிகளைக் காரில் இருந்தே பார்க்கலாம். அப்புறம் அட்சஃபலாயா சதுப்பு நிலத்தின் மேல் ஏறக்குறைய 29 கிலோமீட்டருக்கு ஒரே பாலம். கடைசியில் மிசிசிப்பி ஆற்றுப் பாலம், அதில் வழக்கமான நெரிசல், அதைக் கடந்தால் பேட்டன் ரூஜ்.

வந்த காரியம் பேஸ்பால். மகன் பள்ளி அணியில் கேட்சர், அதாவது விக்கெட் கீப்பர் மாதிரி மட்டைக்காரருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவன். லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின், அதாவது எல்.எஸ்.யூவின், ஆட்டத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிப்பு. எனக்கு வேறொரு கேள்வி. அமெரிக்காவில் கல்லூரி பேஸ்பாலை யார் பார்க்கிறார்கள்? கல்லூரி ஃபுட்பாலுக்கு லட்சம் பேர் வருவார்கள், கூடைப்பந்துக்கு அரங்கு நிறையும். பேஸ்பால் பெரும்பாலும் பெற்றோரும் காதலிகளும் வந்து உட்காரும் ஆட்டம். இங்கே மட்டும் பத்தாயிரம் இருக்கைகள் கொண்ட மைதானம், அதுவும் நிரம்புகிறது. 1996-இல் இருந்து நாட்டிலேயே அதிகக் கூட்டம் வரும் அணி இதுதான். இதற்கு ஒருவரைக் காரணமாகச் சொல்கிறார்கள்: பழைய பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மன். அவர் கடைசியாகப் பயிற்றுவித்தது 2001-இல். இன்றைய ஆட்டக்காரர்களில் பலர் அப்போது பிறந்திருக்கவே மாட்டார்கள்.

நாளை மாலை ஆட்டம். இப்போது தூக்கம்.

வெள்ளி பகல்

வளாகத்தில் முதலில் எதிர்ப்படுவது ஃபுட்பால்தான். ஒரு லட்சத்து இரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் டைகர் ஸ்டேடியம், அதன் எதிரே வேலிக்குள் மைக் என்ற பெயரில் நிஜப் புலி. மகன் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, "அப்பா, புலியை வண்டலூர்லயே பார்த்தாச்சு, வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனான்.

அலெக்ஸ் பாக்ஸ் ஸ்டேடியம் கொஞ்சம் தெற்கே. சைமியன் அலெக்ஸ் பாக்ஸ் இங்கே படித்து, விளையாடி, இரண்டாம் உலகப் போரில் 1943-இல் வட ஆப்பிரிக்காவில் மாண்டவர். 1938-இல் கட்டிய பழைய மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள், 2009-இல் திறந்த புதியதுக்கும் அதே பெயர். உள்ளே இருக்கும் ஆடுகளத்துக்கு 2013 முதல் ஸ்கிப் பெர்ட்மன் பெயர். வெளியே அவருடைய வெண்கலச் சிலை, 2019-இல் வைத்தது. போரில் இறந்தவரின் பெயரை எடுக்காமல் களத்துக்கு மட்டும் பெர்ட்மன் பெயரைச் சூட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

சிலைக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்து மகனுக்குக் கதை சொன்னேன். பாதி நான் சொன்னேன், மீதியை அவன் கைபேசியில் தேடிச் சொன்னான்.

பெர்ட்மன் 1938-இல் டெட்ராய்ட்டில் பிறந்தவர், வளர்ந்தது மயாமி பீச்சில். அங்கேயே பள்ளிப் பயிற்சியாளராக இருந்து 1970-இல் மாநிலப் பட்டம் வாங்கிக் கொடுத்தார். பிறகு மயாமி பல்கலைக்கழகத்தில் ரான் ஃப்ரேசரிடம் உதவியாளர். ஃப்ரேசரைப் பற்றிச் சொல்லாமல் பெர்ட்மனைப் புரிந்துகொள்ள முடியாது. கையில் காசே இல்லாத ஓர் அணியை எடுத்து வித்தை காட்டி வளர்த்த மனிதர் அவர். 1977-இல் ஆடுகளத்தின் நடுவிலேயே மேசை போட்டு, ஒரு தட்டு ஐயாயிரம் டாலர் என்று விருந்து வைத்துப் பணம் திரட்டினார். கூட்டம் தானாக வராது, போய்க் கூட்டிவர வேண்டும் என்பது ஃப்ரேசரின் பள்ளிக்கூடம். பெர்ட்மன் அதில் தேறிய மாணவர்.

அந்தக் காலத்துக் குறும்பு ஒன்றை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். 1982, ஓமஹாவில் கல்லூரி உலகத் தொடர். நாட்டுப் பட்டம் முடிவாவது வருடா வருடம் அந்த ஊரில்தான். எதிரணி விச்சிட்டா ஸ்டேட். அவர்களுடைய ஃபில் ஸ்டீபன்சன் அந்தப் பருவத்தில் பேஸ் திருடுவதில், அதாவது மட்டைக்காரர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதில், யாராலும் பிடிக்க முடியாதவர். அவர் முதல் பேஸில் நிற்கிறார். மயாமியின் பிட்சர், அதாவது பந்து எறிபவர், முதல் பேஸுக்கு எறிவதுபோல் பாவனை செய்கிறார். பந்து கையுறைக்குள்ளேயே இருக்கிறது. முதல் பேஸ்காரர் பந்தைத் தவறவிட்டதுபோல் பாய்ந்து விழுகிறார், எல்லைக்கோட்டுப் பக்கம் இருந்த ஆட்டக்காரர்களும் பந்து பொறுக்கும் பெண்களும்கூட "அதோ, அதோ" என்று அலறுகிறார்கள். பந்து ஓடிவிட்டது என்று நம்பி ஸ்டீபன்சன் இரண்டாம் பேஸுக்கு ஓட, பந்து அவருக்காகக் காத்திருந்தது. அவுட். அந்த ஆட்டத்தை மயாமி 4-3 என்று வென்றது, அப்புறம் பட்டத்தையும். மைதானத்தில் இருந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு வேடம் கொடுத்த அந்த நாடகத்தின் பின்னால் உதவியாளர் பெர்ட்மனும் இருந்தார்.

1984 பருவத்துக்கு அவர் எல்.எஸ்.யூ வந்தபோது இங்கே பேஸ்பால் என்பது ஃபுட்பால் இல்லாத மாதங்களில் பொழுதைப் போக்கும் சமாசாரம். சேப்பாக்கத்தில் ரஞ்சி ஆட்டம் நடக்கும்போது எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்? அந்தக் கதிதான். பெர்ட்மன் ஊரில் இருக்கும் சங்கம், கிளப் ஒன்றைக்கூட விடாமல் போய்ப் பேசினார், சீசன் டிக்கெட்டை ஆள் ஆளாகப் பார்த்து விற்றார். 1986-இல் எல்.எஸ்.யூ முதல் முறையாக ஓமஹா போனது. 1991-இல் முதல் பட்டம். அப்புறம் 1993, 1996, 1997, 2000. பத்து வருடத்தில் ஐந்து. ஐந்து முறை இறுதியாட்டத்தில் நின்றார், ஐந்தையும் வென்றார்.

மகன் இடையில் புகுந்து 1989-ஐ எடுத்தான். அந்த வருடம் டெக்சாஸ் ஏ அண்ட் எம் நாட்டிலேயே முதல் இடத்தில் இருந்த அணி. அவர்கள் ஊருக்கே போய், ஓமஹாவுக்கு முந்தைய மண்டலச் சுற்றின் கடைசி நாளில், ஒரே நாளில் இரண்டு முறை அவர்களைத் தோற்கடித்துவிட்டு ஓமஹா போனது எல்.எஸ்.யூ. எங்கள் தெருவில் ஏ அண்ட் எம்காரர்கள் மூன்று வீடு இருக்கிறார்கள். இதை அவர்களிடம் கிளற வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெள்ளி இரவு

டிக்கெட் முன்பே வாங்கியிருந்தது நல்லதாயிற்று. எல்.எஸ்.யூ இருக்கும் தென்கிழக்கு மாநாடு என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் ஆட்டங்கள் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் ஒரே அணியோடு நடக்கும், வெள்ளிக்கிழமை இரு தரப்பும் தங்கள் முதல்தரப் பிட்சரை இறக்கும். அதனால் வெள்ளிக்குத்தான் கிராக்கி.

வலது புறத் தடுப்புக்கு அப்பால் பெரிய விளம்பரப் பலகை போல ஒன்று நிற்கிறது. அதற்குப் பெயரே 'மிரட்டல்காரன்'. பட்டம் வென்ற ஆண்டுகள் அதில் வரிசையாக. பெர்ட்மனின் ஐந்து, பின்னால் வந்த பயிற்சியாளர்களில் பால் மைனியரியின் 2009, ஜே ஜான்சனின் 2023, 2025. மொத்தம் எட்டு. எதிரணியின் இடதுகை ஆட்டக்காரர் பந்தைத் தூக்கி அடித்தால் அது போகிற திசையிலேயே இந்தக் கணக்கு நிற்கிறது. விளம்பரத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

என் பக்கத்தில் உட்கார்ந்த பாட்டி ஸ்கோர் அட்டையைப் பென்சிலில் எழுதிக்கொண்டே பார்த்தார். ஒவ்வொரு பந்தும். நடுவில் பேத்திக்கு நிலக்கடலை உரித்துக் கொடுத்தார், ஒரு கட்டம்கூட விடுபடவில்லை. இந்த ஊர்க் கூட்டத்துக்கு ஆட்டம் தெரியும். இரண்டு அவுட், இரண்டு ஸ்ட்ரைக் ஆனதும், அதாவது இன்னும் ஒரு ஸ்ட்ரைக்கில் எதிரணியின் முறை முடியும் என்றதும், யாரும் சொல்லாமலே எழுந்து நிற்கிறார்கள். இதெல்லாம் ஒரு நாளில் வருகிற பழக்கம் இல்லை.

மகனுக்கு ஒரு குறை. கேட்சர் தானாக எதையும் தேர்வு செய்வதில்லை. எந்தப் பந்தைப் போடச் சொல்வது என்பது டக்அவுட்டில் உட்கார்ந்திருக்கும் பயிற்சியாளரிடம் இருந்தே வருகிறது. முன்பு விரல் சைகை, இடையில் மணிக்கட்டில் எண் அட்டை, இப்போது மின்னணுக் கருவி. கல்லூரி பேஸ்பாலில் இது ஊறிப்போனதற்குப் பெர்ட்மன் போன்றவர்களுக்கும் பங்குண்டு. பிட்சர்களை வளர்ப்பதில்தான் அவர் முதலில் பேர் வாங்கினார், பந்துத் தேர்வைத் தன் கையில் வைத்துக்கொண்ட பயிற்சியாளர் அவர். "அப்போ கேட்சர் எதுக்குப்பா? சுவர் இருந்தா போதாதா?" என்றான். என்னிடம் நல்ல பதில் இல்லை. வெற்றி கிடைக்கிறது, ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் யோசிக்க வேண்டியதை அறுபது வயதுக்காரர் யோசிக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1997-இல் எல்.எஸ்.யூ ஒரே பருவத்தில் 188 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி, பந்தைத் தடுப்புக்கு அப்பால் அடிப்பது) அடித்தது, கல்லூரிச் சாதனை. பிராண்டன் லார்சன் ஒருவரே 40. 'கொரில்லா ஆட்டம்' என்று ஊரே கொண்டாடியது. அலுமினிய மட்டைகள் அப்போது துப்பாக்கி மாதிரி இருந்தன. அடுத்த வருடம் ஓமஹா இறுதியாட்டம் 21-14 என்று முடிந்தது (அது எல்.எஸ்.யூ ஆட்டம் அல்ல, சதர்ன் கலிஃபோர்னியாவும் அரிசோனா ஸ்டேட்டும்). அது பேஸ்பால் ஸ்கோரே இல்லை. பிறகு மட்டைக்கு விதி மேல் விதி வந்து, 2011-இல் அலுமினியத்தையும் ஏறக்குறைய மரத்தின் வேகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 188-ஐப் பார்த்து வியப்பவர்கள் மட்டையையும் கொஞ்சம் கணக்கில் எடுக்க வேண்டும்.

இன்று எல்.எஸ்.யூ தோற்றது. கூட்டம் கடைசி அவுட் வரை இருந்தது.

சனி

காலையில் இருந்து மழை. ஆட்டம் மாலைக்குத் தள்ளிப்போனது. மாநிலத் தலைமைச் செயலகக் கோபுரத்தில் ஏறி ஆற்றைப் பார்த்தோம். 34 மாடி, அமெரிக்க மாநிலத் தலைமைச் செயலகங்களில் இதுவே உயரம். கட்டியவர் ஆளுநராக இருந்த ஹ்யூயி லாங், 1935-இல் அதற்குள்ளேயே சுடப்பட்டார். சரி, அது வேறு கதை.

மதியம் மழை விட்டதும் மைதானத்துக்கு வெளியே வண்டிகளின் பின்கதவைத் திறந்து சமையல். கூடாரம், பெரிய அண்டா, அடியில் காஸ் அடுப்பு. ஜம்பலாயா என்ற இந்த ஊர்ச் சோற்றை அகப்பையால் கிளறுகிற சத்தம் கல்யாண வீட்டுப் பந்தலுக்குப் பின்னால் கேட்கும் சத்தமேதான். நாங்கள் சும்மா எட்டிப் பார்த்தோம், தட்டைக் கையில் திணித்துவிட்டார்கள். கிராஃபிஷ் வேகவைத்து மேசைமேல் அப்படியே கொட்டுகிறார்கள், கூடவே சோளமும் உருளைக்கிழங்கும். தலையைத் திருகி, வாலை நசுக்கி, சதையை உருவ வேண்டும். மகனுக்கு இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. காரம் நம் நாக்குக்கும் போதும்.

அங்கே ஒரு பெரியவர், எண்பதை நெருங்கியவர். 1980-களில் இருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறாராம். முதலில் வாங்கியது ஆட்டத்துக்காக அல்ல, ஒரு கிளப் கூட்டத்தில் பெர்ட்மன் வந்து பேசி, முடிந்ததும் கதவருகே நின்று எத்தனை வேண்டும் என்று கேட்டாராம். எண்ணிக்கையை மட்டும்தான் கேட்டார், வேண்டுமா வேண்டாமா என்று கேட்கவே இல்லை என்று சொல்லிச் சிரித்தார். வாங்கிவிட்டோமே என்று போனவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். இப்போது மகள் குடும்பத்துக்கும் சேர்த்து நாலு இருக்கை.

1996 பற்றிக் கேட்டேன். இங்கே 1996 என்றால் வாரன் மோரிஸ். இறுதியாட்டம், ஜூன் 8, எதிரணி பெர்ட்மனின் பழைய மயாமி. ஒன்பதாம் இன்னிங்ஸின் கடைசிப் பாதி, எல்.எஸ்.யூ 8-7 என்று பின்தங்கியிருக்கிறது, இரண்டு அவுட், மூன்றாவது விழுந்தால் ஆட்டம் முடிந்தது. மூன்றாம் பேஸில் ஒருவர். அடிக்க வருகிறவர் வரிசையில் கடைசி ஆளான மோரிஸ். மணிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் எலும்பு முறிந்து அறுவை செய்ததில் அந்தப் பருவத்தில் பாதிக்கு மேல் விளையாடவில்லை, திரும்பி வந்த பிறகும் மட்டையைப் பலமாகச் சுழற்ற முடியாத நிலை. ஒரு ஹோம் ரன்கூட இல்லை. முதல் பந்திலேயே அடித்தார். பந்து தாழ்வாகப் பறந்து, வலது புறத் தடுப்பைத் தாண்டி விழுந்தது. மூன்றாம் பேஸில் இருந்தவரும் மோரிஸும் ஓடி முடிக்க, 9-8. கல்லூரி உலகத் தொடரின் பட்டத்தை இரண்டு அவுட்டுக்குப் பிறகு கடைசி அடியில் வென்ற ஹோம் ரன் அதுதான்.

பெரியவர் அதைப் பார்க்கவில்லை! இரண்டாவது அவுட் விழுந்ததும் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுப் புல் வெட்டப் போய்விட்டாராம். பக்கத்து வீட்டில் கூச்சல் கேட்டு ஓடிவந்து போட்டால், மயாமி வீரர்கள் தரையில் கிடக்கிறார்கள். அன்றிலிருந்து கடைசி அவுட்டுக்கு முன் இடத்தை விட்டு எழுந்திருப்பதில்லையாம். நேற்று இரவு கூட்டம் ஏன் கலையவில்லை என்பதற்கு ஒரு காரணம் கிடைத்தது.

ஒருவேளை கூட்டத்தோடு சேர்த்து அணிக்கும் பெர்ட்மன் அப்படித்தான் ஏதோ செய்து வைத்திருந்தார். கயிற்றுக் கதை ஒன்று அவருடைய பேர் பெற்ற பாடம்: நீ ஒரு பாறை விளிம்பில் தொங்குகிறாய், மேலே கயிற்றைப் பிடித்திருப்பது உன் அணியில் யாராக இருக்க வேண்டும்? கை கிழிந்தாலும் விடாதவன் யார்? நீ அப்படிப்பட்டவனா? வருடம் முழுக்க இதையே சொல்லி, ஓமஹாவில் வரப்போகும் காட்சிகளை முன்கூட்டியே மனதில் ஓட்டிப் பார்க்கச் செய்வார். எனக்கு இந்த மாதிரி ஊக்கப் பேச்சில் ஒவ்வாமை உண்டு. ஆனால் இறுதியாட்டத்தில் 5-0 என்கிற கணக்கைப் பார்த்தால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதே 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அமெரிக்க அணிக்கும் அவரே பயிற்சியாளர், மோரிஸும் அணியில் இருந்தார். அரையிறுதியில் ஜப்பானிடம் தோல்வி, கிடைத்தது வெண்கலம்.

இரவு ஆட்டம் எல்.எஸ்.யூவுக்கு.

ஞாயிறு

மூன்றாவது ஆட்டம் மதியம். வெயில் நேற்றைய மழைக்கும் சேர்த்து அடித்தது. ஆட்டத்தைவிட எனக்கு வேறு யோசனைதான் ஓடிக்கொண்டிருந்தது: பெர்ட்மன் போன பிறகு இது எப்படி நிலைத்தது?

சுலபமாக நிலைக்கவில்லை. அவருடைய கடைசிப் பருவமே ஓமஹாவுக்கு முந்தைய சுற்றில், பக்கத்து ஊர் டுலேனிடம் முடிந்துபோனது. 870 வெற்றி, 330 தோல்வி, 3 சமன் என்ற கணக்கோடு இறங்கி, 2001-இல் விளையாட்டுத் துறையின் இயக்குநர் நாற்காலிக்குப் போனார். அவருடைய உதவியாளராக இருந்த ஸ்மோக் லவால் அணிக்கு வந்தார், இரண்டு முறை ஓமஹாவுக்கும் கொண்டுபோனார். அது இந்த ஊருக்குப் போதவில்லை. 2006-இல் தேசியச் சுற்றுக்கே தகுதி பெறாமல் போக, லவால் விலகினார். தான் ஏற்றிவைத்த எதிர்பார்ப்பு தன் ஆளையே அழுத்துவதை மேலே இருந்து பார்க்க வேண்டிய நிலை பெர்ட்மனுக்கு. அப்புறம் மயாமி நாட்களில் இருந்து தெரிந்த குடும்பத்தின் பிள்ளையான பால் மைனியரியைக் கொண்டுவந்தார். மூன்றாம் வருடம் பட்டம்.

இயக்குநராக அவர் செய்த எல்லாமே இனித்தது என்று சொல்ல முடியாது. ஃபுட்பால் சீசன் டிக்கெட்டோடு ஒவ்வோர் இருக்கைக்கும் தனியாக நன்கொடை கட்ட வேண்டும் என்று திட்டம் கொண்டுவந்தார். தலைமுறையாக அதே இருக்கையில் உட்கார்ந்தவர்கள் கொதித்துப்போனார்கள். பணம் வந்தது, கட்டடங்களும் வந்தன. ஆள் ஆளாகப் போய் டிக்கெட் விற்றவரும் இவர்தான், டிக்கெட்டுக்கு மேல் நன்கொடை கேட்டவரும் இவர்தான். எனக்கு இதில் முரண் தெரியவில்லை. இரண்டுமே ஃப்ரேசரின் ஐயாயிரம் டாலர் தட்டில் இருந்து வந்தவை.

வாரிசுகள் வேறு ஊர்களிலும் இருக்கிறார்கள். 1997 இறுதியாட்டத்தில் அவர் தோற்கடித்த அலபாமாவின் பயிற்சியாளர் ஜிம் வெல்ஸ், முன்பு அவரிடமே உதவியாளராக இருந்தவர். 1980-களின் கடைசியில் அவரிடம் கேட்சராக விளையாடி, பிறகு உதவியாளராகவும் இருந்த மைக் பியாங்கோ, 2022-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு அதன் முதல் பட்டத்தை வாங்கித் தந்தார். மிசிசிப்பி எல்.எஸ்.யூவுக்குப் பரம எதிரி. இந்த ஊரில் பியாங்கோவைப் பற்றிக் கேட்டால் பாதிப் பெருமை, பாதி எரிச்சல்.

பட்டத்தை எண்ணினால் பெர்ட்மன் முதல்வர் அல்ல. சதர்ன் கலிஃபோர்னியாவின் ராட் டெடோ பதினொன்று வென்றவர், 1970 முதல் 1974 வரை தொடர்ச்சியாக ஐந்து. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மொத்தம் பன்னிரண்டு, இன்றும் யாரும் தொடவில்லை. ஆனால் கடைசியாக வென்றது 1998-இல், அவர்கள் பல காலம் ஆடிய டெடோ மைதானத்தில் இருக்கைகளே இரண்டாயிரத்து ஐந்நூறு. டெடோவைவிடப் பெர்ட்மன் சிறந்த பயிற்சியாளர் என்று நான் சொல்லவரவில்லை. டெடோ அணியைக் கட்டினார். பெர்ட்மன் அணியோடு சேர்த்துப் பார்வையாளர்களையும் கட்டினார், அவர்களுக்குத்தான் ஓய்வு வயது கிடையாது. கூட்டம் இருப்பதால் வருமானம், வருமானம் இருப்பதால் நல்ல பயிற்சியாளர், அவரைத் தேடி நல்ல பையன்கள். 2022-இல் பிட்சர் பால் ஸ்கீன்ஸ் விமானப்படைக் கல்லூரியை விட்டு இங்கே மாறி வந்தார். 2023-இல் பட்டம் வென்ற கையோடு, தொழில்முறை அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களை எடுக்கும் தேர்வில் அவர் முதல் ஆள், இதே அணியின் டிலன் குரூஸ் இரண்டாவது ஆள். ஒரே கல்லூரியில் இருந்து முதல் இரண்டு இடம் போனது அதுவே முதல் தடவை.

மகனிடம் இன்னொரு கணக்கும் சொன்னேன். பெர்ட்மன் கடைசியாக அணியை நடத்திய காலத்தில் ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகைதான். அதை இருபது முப்பது பேருக்குப் பிய்த்துக் கொடுப்பார்கள், மீதி பெற்றோர் கட்ட வேண்டும். இப்போது அந்த வரம்பு போய், 34 ஆட்டக்காரர் என்ற வரம்பு வந்திருக்கிறது. பணம் உள்ள பல்கலைக்கழகம் 34 பேருக்கும் கொடுக்கலாம். கூட்டம் சேர்த்து வைத்த ஊருக்கு இனி இன்னும் வசதி.

ஆட்டம் எல்.எஸ்.யூவுக்கே. தொடர் 2-1.

மிசிசிப்பிப் பாலத்தில் மறுபடி நெரிசல். ஜூனில் ஓமஹா போகலாமா என்று மகன் ஆரம்பித்தான். அணி தகுதி பெறுமா என்றே தெரியாமல் அறை எப்படிப் பதிவு செய்வது என்றேன். நேற்று அந்தப் பெரியவரிடம் இதையே அவனும் கேட்டிருக்கிறான், எனக்குத் தெரியாமல். பருவம் தொடங்குவது பிப்ரவரியில். பெரியவர் ஒவ்வொரு வருடமும் ஜனவரியிலேயே ஓமஹாவில் அறை பிடித்துவிடுகிறாராம். அணி வராவிட்டால் ரத்து.